மீட்டர் பார்க்கப் போன அப்பா: மறதிநோய்ப் பராமரிப்பு நிலையங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: முதுமை மறதிநோய் உள்ளோருக்கான பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களையும் தாதிமை இல்லங்களையும் நடத்தும் நிர்வாகிகள், சுகாதார அமைச்சு மற்றும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் அதிகாரிகள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் என் தந்தையோடு வசிக்கும் மகள் நான். அப்பாவுக்கு வயது 84. அல்ஸைமர் வகை மறதிநோய் என்று மருத்துவர்கள் உறுதிசெய்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் வேலைக்குச் செல்லும் நாள்களில் அவர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இருப்பார். இதுவரை இரண்டு நிலையங்களைப் பார்த்துவிட்டோம். முதல் இடத்தில் பதினான்கு மாதங்கள், இப்போதுள்ள இடத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல். எதையும் பெயர் சொல்லிக் குறைகூற இந்த மடலை எழுதவில்லை. உங்கள் நிலையங்களின் சுவரில் ஒட்டியிருக்கும் வாராந்தர நடவடிக்கை அட்டவணை யாரை மனத்தில் வைத்துத் தயாராகிறது என்று கேட்கவே எழுதுகிறேன்.

அப்பா 1960களின் பிற்பகுதியில் பொதுப் பயனீட்டுக் கழகத்தில் மீட்டர் பார்க்கும் வேலையில் சேர்ந்தவர். 1995இல் மின்சாரமும் எரிவாயுவும் சிங்கப்பூர் பவர் என்று தனி நிறுவனமானபோது அவருடைய சட்டைச் சின்னம் மாறியதே தவிர வேலை மாறவில்லை. மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நிற்காத அந்தக் காலத்தில், தோ பாயோ, குவீன்ஸ்டவுன், புக்கிட் மேரா என்று புளோக் புளோக்காக ஏறி இறங்கி, மீட்டர் பெட்டிகளைத் திறந்து, குனிந்து பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்வதே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய பகல்பொழுதாக இருந்தது.

முதல் நிலையத்தில், காலை பத்து மணியானதும் அவர் நாற்காலியை விட்டு எழுவார். சுவரோரமாக நடந்து, தீயணைப்புக் குழாய்ப் பெட்டி, மின்விசைப் பெட்டி, பொருள் வைக்கும் அலமாரி என்று கதவுள்ள ஒவ்வொன்றின் முன்னும் நின்று, குனிந்து, கைப்பிடியைத் திருகிப் பார்ப்பார். உள்ளே இருப்பவை முடிந்ததும் வாசற்கதவுக்குப் போவார். ஊழியர்கள் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் எழுவார். மூன்றாம் முறை கையைத் தட்டிவிடுவார். எனக்கு மாதந்தோறும் வந்த குறிப்பில், ‘அலைகிறார், வெளியேற முயல்கிறார், தடுத்தால் முரண்டு பிடிக்கிறார்’ என்று இருந்தது. சில வாரங்களில், முன்பக்கம் தட்டுப் பலகை பூட்டிய நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்தார்கள். பின்னர், மருத்துவரிடம் சொல்லி அமைதிப்படுத்தும் மருந்து ஏதாவது கேட்டுப் பார்க்கலாமே என்று தன்மையாகவே சொன்னார்கள்.

அந்தக் குறிப்புகளை வாசித்துவிட்டு நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் சம்பாத்தியத்தில் வளர்ந்த எனக்கே அந்த நடை எதற்கான நடை என்று பிடிபடவில்லை. நிலையத்தில் சேர்க்கும்போது நான் நிரப்பிய படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ‘ஓய்வுபெற்றவர்’ என்று என் கையால் எழுதிக் கொடுத்திருந்தேன். அதற்குமேல் எழுத அந்தக் கட்டத்தில் இடமும் இல்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டாவது நிலையத்தில் சேர்ப்பதற்கு முன், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கு வேலை செய்யும் பராமரிப்பு ஊழியர் ஒருவர், படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து பேசினார். “ஐயா என்ன வேலை பாத்தீங்க?” என்று அவர் அப்பாவிடமே கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து, எதையோ திருகித் திறப்பதுபோலக் காட்டினார். நான் அப்போதுதான் வாய் திறந்து, அவருக்கு மீட்டர் பார்க்கிற வேலை என்றேன். அந்தப் பெண் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

மறுவாரம் அப்பாவின் கையில் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றும், நூலில் கட்டிய பென்சில் ஒன்றும் இருந்தன. காலை பத்து மணிக்கு அவர் எழுந்தபோது யாரும் உட்காரச் சொல்லவில்லை. அறை எண், சுவர்க்கடிகாரம் காட்டும் நேரம், குளிர்சாதனத்தின் வெப்பநிலை, தீயணைப்பானில் பொறித்திருக்கும் எண் என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்று எழுதிக்கொண்டு போனார். அந்தப் பக்கங்களை நீங்கள் பார்க்க வேண்டும். இடப்பக்கம் மாடி எண், வீட்டு எண்; வலப்பக்கம் ஐந்து இலக்கங்கள், முன்னால் சுழியம் போட்டு. கடிகாரத்தில் மணி 10:25 என்றால் அவர் எழுதுவது 01025. பேத்தியின் பெயர் மறந்துபோன மனிதர், ஐந்து கட்டத்தையும் நிரப்பாமல் ஒரு வரியைக்கூட விடுவதில்லை. பக்கம் நிறைந்ததும் முகப்பில் இருப்பவரிடம் நீட்டுவார். அவர் பார்த்துக் கையெழுத்திட்டுத் தருவார். அதன் பிறகு அப்பா தாமாகவே வந்து உட்கார்ந்து கோப்பி குடிப்பார். எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். வாசற்கதவுப் பக்கம் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது. நோய் குறைந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. மாலை நான்கு மணிக்கு மேல் கலக்கம் வரும் நாள்கள் இப்போதும் உண்டு, கோபமும் உண்டு. ஆனாலும், அந்த மருந்து இன்றுவரை அவருக்குத் தேவைப்படவில்லை.

இந்த அணுகுமுறை புதிய கண்டுபிடிப்பு அன்று. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பணியாற்றிய உளவியலறிஞர் டாம் கிட்வுட், மறதிநோய் உள்ளவரை நோயின் தொகுப்பாகப் பார்க்காமல் மனிதராகப் பார்க்க வேண்டும் என்று 1990களிலேயே வாதிட்டு, அவருக்கு ஆறுதல், பற்றுதல், கூட்டத்தில் ஓர் இடம், கைக்கொரு வேலை, தான் யார் என்ற அடையாளம் ஆகியவை வேண்டும் என்றும், இவற்றுக்கெல்லாம் நடுவில் இருப்பது அன்பு என்றும் வகுத்துச் சொன்னார். ‘ஆளை மையப்படுத்திய பராமரிப்பு’ என்ற சொற்றொடர் உங்களுக்குப் பழகியதுதான். பயிற்சி வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள், உங்கள் கையேடுகளிலும் அச்சிட்டிருப்பீர்கள். அது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்தில் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

அல்ஸைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியைத்தான். அதனால் இன்று காலை என்ன சாப்பிட்டோம் என்பது நிற்பதில்லை. ஆனால் பல்லாண்டுப் பழக்கத்தால் கை கற்றுக்கொண்ட வேலைகள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன. புதிய விளையாட்டின் விதிகளைக் கற்றுக்கொடுக்கும்போது தோற்றுப்போகிற ஒருவர், துணி மடிக்கச் சொன்னால் ஓரம் பிசகாமல் மடிப்பதற்கு இதுதான் காரணம். குழந்தைகளுக்காக மரியா மாண்டிசோரி வகுத்த கல்விமுறையை, அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் 1990களில் மறதிநோய் உள்ளோருக்கு ஏற்றபடி அமைத்ததும் இந்த அடிப்படையில்தான்: எஞ்சியிருக்கும் திறனைக் கண்டுபிடி, அதற்கேற்ற வேலையைக் கையில் கொடு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்நோயில் ஆர்வம் இருந்தாலும், ஒரு வேலையைத் தாமாகத் தொடங்கும் ஆற்றல் குறைந்துபோவது பலரிடம் காணப்படுகிறது. ‘அழைத்தோம், வரவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்தவரிடம் நகர்வது எளிது. பொருளைக் கையில் கொடுத்து, முதல் அசைவைச் செய்து காட்டினால், வரமாட்டேன் என்ற அதே ஆள் தொடர்ந்து செய்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் வேலை என்று எதைக் கொடுத்தாலும் ஆகிவிடாது. முதல் நிலையத்தில் அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ் மூதாட்டி இருந்தார். ஒன்பது பேர் கொண்ட குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவர். சிவப்பு பீன்ஸ், பச்சைப்பயறு, சோயா மூன்றையும் கலந்து ஒரு தட்டில் வைத்துப் பிரிக்கச் சொன்னார்கள். முறத்தில் கல் பொறுக்கிய கை அல்லவா? அரை மணி நேரம் தலை நிமிராமல், சொத்தைப் பயற்றைத் தனியே ஒதுக்கி, மூன்று கிண்ணங்களில் பிரித்து வைத்தார். பொறுப்பில் இருந்தவர் “குட் ஜாப், ஆன்ட்டி” என்று கைதட்டிப் பாராட்டிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே மூன்று கிண்ணங்களையும் தட்டில் கொட்டிக் கலந்து, மறுபடியும் முன்னால் வைத்தார். அந்த அம்மா தட்டைப் பார்த்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் அந்த மேசைக்கு வரவில்லை. ‘பங்கேற்க விருப்பமில்லை’ என்று பதிவாயிற்று.

அவரும் பின்னர் நாங்கள் இருக்கும் நிலையத்துக்கே மாறி வந்தார். இங்கே அவருடைய மருமகள் வாரம் இருமுறை தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கிக் கொடுத்தனுப்புகிறார். நிலையத்துச் சமையலறை அதை எடுத்துக்கொள்ள முடியாது, அவர்களுக்கென்று விதிமுறைகள் இருக்கின்றன, அது நியாயமே. ஆனால் அந்த அம்மா உருவி முடித்த கீரை, மாலையில் பையோடு வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாட்டில் பொரியலாகிறது. காம்பு நிறையக் கிடந்தால் மருமகள் குறை சொல்வாராம். இவரும் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குச் சண்டை போடுவாராம். செய்ததற்கு ஒரு பயன் இருக்கிறது, அதைக் குறை சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அந்தப் பயற்றுத் தட்டில் இரண்டுமே இல்லை.

இப்போது மொழிக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காட்டினர். நாற்பது பேர் வரும் ஒரு நிலையத்தில் தமிழ் பேசும் முதியவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பாட்டு நேரம் என்றால் பெரும்பான்மையோர் அறிந்த பாட்டுகள், செய்தி நேரம் என்றால் ஆங்கிலச் செய்தி. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, எண்ணிக்கைதான் காரணம். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்று நானே சொல்லித்தான் சேர்த்தேன். ஆனால் பிற்காலத்தில் வேலைக்காகக் கற்ற மொழி, நோய் முற்றும்போது பலருக்கு முதலில் நழுவிவிடுகிறது. அவருக்கும் அப்படியே ஆயிற்று.

முதல் நிலையத்தில் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மியன்மாரைச் சேர்ந்த இளம் ஊழியர் ஒருவர், மிகவும் பொறுமையானவர், தமிழ்ச் சொற்கள் அச்சிட்ட அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதில் ‘கழிவறை’ என்று இருந்தது. அப்பா கேட்டது “கக்கூஸ் எங்க?” என்று. அட்டையில் இல்லாத சொல் அவருக்கு எப்படி விளங்கும்? இரண்டு முறை கேட்டுவிட்டு அப்பா அப்படியே நின்றார், கால்சட்டை நனைந்தது. அன்றைய குறிப்பில் ‘சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லை’ என்று எழுதப்பட்டு, மறுவாரம் முதல் அணையாடை போடப்பட்டது. மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு அட்டை தயாரிப்போர், 80 வயதுக்காரர் வீட்டில் உண்மையில் என்ன சொல்வார் என்று அவர் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமாயிருந்தது.

சாப்பாட்டிலும் இதே கதைதான். மதியம் சோற்றோடு கரண்டி வைத்தார்கள். நோய் வளர வளர அப்பாவுக்குக் கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் போயிற்று; தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ‘ஊட்டிவிட வேண்டும்’ என்ற வகைக்கு அவர் மாற்றப்பட்டார். வீட்டிலோ அவர் ஒருபோதும் கரண்டியில் சாப்பிட்டவர் இல்லை. சொல்லப்போனால் இந்த விஷயத்தை நான்தான் மிகத் தாமதமாகக் கவனித்தேன். கையைக் கழுவிவிட்டு, சோற்றில் பருப்பை ஊற்றி, அவர் வலது கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தால், பிசைவதும் உருட்டுவதும் வாய்க்குக் கொண்டுபோவதும் தானாக நடக்கின்றன. கொஞ்சம் சிந்தும். மேசையைத் துடைக்க இரண்டு நிமிடம் ஆகும். ஊட்டிவிட இருபத்தைந்து நிமிடம் ஆகும். உங்கள் இல்லங்களில் ஊட்டிவிட வேண்டியவர் என்று பட்டியலில் இருக்கும் தமிழ் முதியவர்களில் எத்தனை பேர் உண்மையில் கரண்டி தெரியாதவர்கள் மட்டுமே என்று ஒருநாள் மதியம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் விடை ‘இந்தியர் மூலை’ ஒன்றை அமைப்பது என்று நீங்கள் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக இன்னொன்றையும் எழுதுகிறேன். அப்பாவை ஒருமுறை, இந்தியர் என்பதற்காகவே, பஜனைக் குழுவில் உட்கார வைத்தார்கள். என் தாத்தா தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் ஈடுபாடு கொண்டவர்; அப்பா வளர்ந்தது சடங்குகளைக் கேள்வி கேட்கும் வீட்டில், தமிழ் முரசு நாளிதழை எழுத்துக்கூட்டிப் படித்து. பாவம், பஜனை முடியும்வரை யாரோ அந்நியர் வீட்டுத் திருமணத்தில் மாட்டிக்கொண்டவர்போல அவர் முழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த தமிழ் மூதாட்டிக்கோ அந்த நாற்பது நிமிடமும் பெரும் நிம்மதி. ஒரே இனம், ஒரே மொழி, ஒரே வயது. தேவை மட்டும் வேறு வேறு. தீபாவளிக்கு ஒரு ரங்கோலி, பொங்கலுக்கு ஒரு பானை என்று ஆண்டுக்கு இருமுறை எங்களை நினைத்துக்கொள்வதற்கு நன்றி. ஆனால் மீதி முந்நூற்றுச் சொச்சம் நாள்கள் இருக்கின்றன.

இப்போது அப்பாவின் மிக நெருங்கிய தோழர், கம்பத்தில், அதாவது அந்தக் காலக் கிராமத்தில், வளர்ந்த ஒரு சீன முதியவர். இருவரும் பேசிக்கொள்வது பாசார் மலாயில். சிறு வயதில் கற்ற அந்தச் சந்தை மலாய், ஆங்கிலம் போன பிறகும் அப்பாவிடம் நிற்கிறது. இருவருக்கும் பொதுவான கதை எதுவும் கிடையாது. ஒருவர் மீன் விலையைச் சொல்ல, மற்றவர் மழையைப் பற்றிச் சொல்வார். இனவாரியாகப் பிரித்து மேசை போட்டிருந்தால் இந்த நட்பு அமைந்திருக்காது. அவர் சிறு வயதில் எங்கே வளர்ந்தார், அக்கம்பக்கத்தில் என்ன மொழி பேசினார் என்று கேட்டதால்தான் அமைந்தது. அதே நிலையத்தில் அப்பா காலையில் தமிழ் முரசின் தலைப்புகளை உரக்க வாசிக்கிறார். வாசித்தது நினைவில் நிற்பதில்லை, வாசிக்கும் திறன் மட்டும் இன்னும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கீரை அம்மா கேட்டுக்கொண்டிருந்து, விலைவாசிச் செய்தி வந்தால் அரசாங்கத்தையும் அப்பாவையும் சேர்த்துத் திட்டுவார். இதற்கு ஆகும் செலவு ஒரு நாளிதழின் விலை.

ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும், அதை நான் மறுக்கவும் இல்லை. மூன்று ஊழியர் இருபது பேரைப் பார்க்கும் கூடத்தில் ஒவ்வொருவருக்கும் தனி அட்டவணை போடுவது ஆகாத காரியம். ஆனால் அப்பாவை நாளொன்றுக்கு எத்தனை முறை கதவிலிருந்து திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது என்று கணக்குப் பாருங்கள். அந்த நேரமும் ஊழியருடைய நேரம்தான். கட்டிவைப்பதற்கும் மருந்துக்கும் விலை உண்டு. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு, அமைதிப்படுத்தக் கொடுக்கப்படும் மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இலேயே கடுமையான எச்சரிக்கை விடுத்தது. தேவைப்படும்போது மருந்து வேண்டும்தான், அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஆனால் செய்ய ஒன்றும் இல்லாமல் ஒருவர் எழுந்து நடப்பது மருந்துக்கான காரணமாக இருக்கக்கூடாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். சேர்க்கையின்போது, படிவத்துக்கு முன்னால், அவருடைய மொழி அறிந்த ஒருவர் அவரோடும் குடும்பத்தாரோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள். மொழி அறிந்த ஊழியர் உங்களிடம் இல்லையென்றால் பக்கத்து நிலையத்தில் இருப்பார். தமிழ் ஊழியர் சிலரையும் தொண்டூழியர் சிலரையும் ஒரு வட்டாரத்தின் நிலையங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதற்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழிசெய்யலாம். அந்தப் பேச்சில் கிடைத்ததை ஒரே பக்கத்தில் எழுதி, காலை வேளைக்கு வரும் எந்த ஊழியரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள்: என்ன வேலை பார்த்தார், எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கையால் சாப்பிடுபவரா, எதற்கு எந்தச் சொல்லைச் சொல்வார், எது அவருக்கு ஒத்துவராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்துங்கள், ஏனென்றால் நோய் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சுகாதார அமைச்சுக்கு என் வேண்டுகோள், நிலையங்களைப் பார்வையிடும்போது எத்தனை நடவடிக்கைகள் நடந்தன, எத்தனை பேர் கலந்துகொண்டனர் என்பதோடு நின்றுவிடாமல், கூடத்தில் உள்ள யாராவது ஒருவரைக் காட்டி, “இவர் முன்பு என்னவாக இருந்தார்?” என்று அங்கிருக்கும் ஊழியரிடம் கேளுங்கள் என்பதே. விடை வராவிட்டால் குறை ஊழியருடையது அன்று. கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஊதியத்தோடு கூடிய நேரம் தரப்படவில்லை என்று பொருள்.

தமிழில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லவும் முடியாது. பிரிட்டனில் உருவான, சிறு குழுவாக அமர்ந்து பதினான்கு அமர்வுகளில் நடத்தப்படும் அறிதிறன் தூண்டல் பயிற்சியைச் சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பினர் தமிழ்ச் சூழலுக்கு ஏற்றபடி மாற்றி, நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அதை இங்கே கொண்டுவந்து, தேக்காவும் தஞ்சோங் பகார் ரயில் நிலையமும் செம்பவாங் கடற்படைத் தளமும் நினைவில் உள்ள நம் முதியவர்களுக்கேற்ப மேலும் மாற்றிக்கொள்ளலாம். 1990இல் தொடங்கி, 2021 முதல் டிமென்ஷியா சிங்கப்பூர் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு போன்றவற்றுக்கு இதற்கான அனுபவம் நிறையவே இருக்கிறது. நான் வசிக்கும் ஈசூனும், மறதிநோய் உள்ளோருக்கு உகந்த வட்டாரமாகத் தொடக்கத்திலேயே, 2016 வாக்கில், முன்வந்த இடங்களுள் ஒன்று. கடைக்காரர்களுக்கும் பேருந்து ஓட்டுநர்களுக்கும் சொல்லிக்கொடுக்க முடிந்த நமக்கு, கூடத்துக்குள் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது கடினமாக இருக்காது.

குடும்பத்தார் நாங்களும் எங்கள் பங்கைச் செய்ய வேண்டும். காலையில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றிக்கொண்டு போவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அம்மா பாடிய பாட்டு எது, அப்பாவின் கடையில் என்ன விற்றார்கள், தாத்தா எந்தக் கம்பத்தில் இருந்தார் என்பதையெல்லாம் எங்களைத் தவிர உங்களுக்கு யார் சொல்வார்கள்? கேளுங்கள், சொல்கிறோம். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் 2013 ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு மறதிநோய் இருப்பதாகக் காட்டியது. 2023 ஆய்வில் அது 8.8 விழுக்காடு. விகிதம் சற்று இறங்கியிருப்பது மகிழ்ச்சியே. ஆனால் 2030வாக்கில் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார் என்னும்போது, உங்கள் வாசலுக்கு வருவோரின் எண்ணிக்கை குறையப்போவதில்லை. அவர்களுக்காகப் புதிய நிலையங்களைக் கட்டுவீர்கள், புதிய படிவங்களையும் அச்சிடுவீர்கள்.

அப்பாவின் நோட்டுகள் இதுவரை பதினேழு நிறைந்திருக்கின்றன. ஊழியர் பயிற்சிக்குப் பயன்படும் என்று நினைத்தால் பதினாறைக் கொண்டுவந்து தருகிறேன்; பதினேழாவதை இன்னும் அவர் சரிபார்த்து முடிக்கவில்லையாம். படிவத்தைப் பற்றி மட்டும் ஒரு சின்ன வேண்டுகோள்: அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது, ‘தொழில்’ என்ற அந்தக் கட்டத்தை நாலு விரற்கடையாவது அகலமாக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு மகள்